பூரோ என்றொரு பெயரடை

பல வருஷங்களுக்கு முன் நெரூதாவின் சிறு உரைநடை ஒன்றை ஆங்கிலத்தின் வழியாகத் தமிழில் பெயர்த்தேன். ‘அசுத்தக் கவிதையை நோக்கி’ என்று தலைப்புப் போட்டேன். படித்தவர்களில் இரு தரப்பாருக்குமே அது பிடித்துப் போயிற்று. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். சமூகப் பொறுப்பு பேசுகிறவர்கள், ‘பார், உலகக் கவியே சுத்த இலக்கியத்தைக் காறித் துப்பிவிட்டான்’ என்றார்கள். மற்றவர்கள், ‘பார், அசுத்தம் என்று அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்’ என்று சிரித்தார்கள். ஒரே சொல் இரண்டு எதிரிகளையும் ஒருசேரத் திருப்திப்படுத்தினால் அந்தச் சொல்லில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு நெரூதாவிடம் இல்லை, என்னிடம் என்று தெரிய ஸ்பானிய மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கொஞ்சம்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பத்தியைக் கடக்கிற அளவுக்கு.

மூலத்தின் தலைப்பு ‘சோப்ரே உனா போயெஸீயா ஸின் புரேஸா’. சோப்ரே என்றால் ‘பற்றி’. ‘நோக்கி’ அல்ல. உனா என்றால் ‘ஒரு’. ஸின் என்றால் ‘இல்லாத’. புரேஸா, ‘பூரோ’ என்ற பெயரடையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். தூய்மை இல்லாத ஒரு கவிதையைப் பற்றி. என் தலைப்பில் இருந்த அறைகூவல் அங்கே இல்லை. ‘நோக்கி’ என்ற சொல்லில் இருந்த ஊர்வலமும் இல்லை. இவை ஆங்கிலத்தில் சேர்ந்தவை, நான் வழிமொழிந்தவை. ஆனால் உண்மையான சிக்கல் அந்தப் பெயரடைக்குள்தான் இருக்கிறது.

பூரோ. இதன் நடு எழுத்து நம் ‘ர’வேதான், நாக்கு ஒரு தடவை தட்டினால் போதும். ஆண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் பூரோ, பெண்பாலுக்குப் பூரா. பன்மையில் பூரோஸ், பூராஸ். முதன்முதலில் கற்கிறவனுக்குத் தமிழ்க் காது ஒரு வேடிக்கை செய்கிறது. ‘ஊர் பூரா’ என்கிறோமே, அந்தப் பூராவாக இது கேட்கிறது. வேர் வேறு. நம்முடையது பூர்ணத்திலிருந்து வடக்கு வழியாக வந்தது. ஸ்பானியச் சொல் லத்தீன் பூரூஸ் என்பதிலிருந்து வந்தது, அது நம் பவித்திரத்துக்கும் புனிதத்துக்கும் தூரத்து உறவு. ஆனாலும் காதின் தவறு முழுத் தவறும் அல்ல. மெக்ஸிகோவில் ‘பூரோஸ் ஓம்ப்ரேஸ்’ என்றால் புனிதமான ஆண்கள் என்று பொருளில்லை. வந்திருப்பவர்கள் பூராவும் ஆண்கள், ஒரு பெண்கூட இல்லை என்று பொருள். இந்த இடத்தில் அகராதியின் முதல் அர்த்தத்தை நம்புகிறவன் கூட்டத்தையே துறவிகளாக்கிவிடுவான்.

இலக்கண நூல்கள் இதற்கு ஒரு விதி சொல்கின்றன. ஸ்பானிய மொழியில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். சில பெயரடைகள் முன்னாலும் வரும், இடம் மாறினால் அர்த்தமும் மாறும். ‘ஆக்வா பூரா’ சுத்தமான தண்ணீர். ‘பூரா ஆக்வா’ வெறும் தண்ணீர், அதாவது சூப் என்று சொல்லி ஊற்றியதில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ‘பூரா காஸுவாலிதாத்’ என்றால் முழுக்கத் தற்செயல். ‘பூரா மெந்தீரா’ அப்பட்டமான பொய். பொய் சுத்தமாக இருப்பதாக யாரும் சொல்லவில்லை. பின்னால் நிற்கும்போது ஒரு குணத்தைச் சொல்கிற சொல், முன்னால் வந்ததும் ‘இதைத் தவிர வேறில்லை’ என்று கையை விரிக்கிறது.

தமிழில் பெயரடைக்குப் பின்னால் போய் நிற்க இடம் கிடையாது. ஆனால் நம்மிடமும் இதே வித்தை இருக்கிறது, நாம் கவனித்ததில்லை. சுத்தமான நெய், சுத்தமான பேச்சு என்கிறோம். சுத்தப் பொய், சுத்த முட்டாள், சுத்த மோசம் என்கிறோம். ‘சுத்தமான முட்டாள்’ என்று யாரும் திட்டுவதில்லை. திட்டினால் அது குளித்து முழுகிய முட்டாள். ஸ்பானியன் இடத்தை மாற்றிச் செய்வதை நாம் ‘ஆன’ என்ற ஒட்டைக் கழற்றிவிட்டுச் செய்கிறோம். ‘சுத்தமாக மறந்துவிட்டேன்’ என்கிறபோது சுத்தத்தின் சோப்பு வாசனை முழுக்கப் போய்விட்டது. ஆகவே பூரோவைக் கற்கிற தமிழனுக்கு ஆங்கிலத்தின் துணை தேவையே இல்லை. வீட்டுக்குள்ளேயே சாவி கிடக்கிறது.

விதி கெட்டியானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பளி ஆடைகளின் சீட்டில் ‘பூரா லானா’ என்று முன்னால் போட்டுத்தான் கலப்பில்லாத கம்பளி என்கிறார்கள். சாதிக் குதிரைக்கும் ‘பூரா ஸாங்ரே’ என்று முன்னால்தான். விதி தோற்கிற இந்த இடங்கள் சொல்லின் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. பூரோவின் கரு கலப்பின்மை. அழுக்கின்மை அதன் ஒரு கிளை மட்டும். கலப்பில்லாத கம்பளிக்கும், தண்ணீராகவே இருக்கிற சூப்புக்கும் இடையே தர்க்கத்தில் தூரமே இல்லை. ஒன்றைப் பாராட்டுகிறோம், மற்றதை ஏசுகிறோம், அவ்வளவுதான். லத்தீனின் இன்னொரு சொல்லும் இதே வழியில் போயிருக்கிறது. மேரூஸ் என்றால் தண்ணீர் கலக்காத திராட்சை மதுவைச் சொல்வது. அது ஸ்பானியத்தில் ‘மேரோ’வாகி, ‘வெறும்’ என்ற அளவுக்கு இறங்கிப் போயிற்று. எதையும் சேர்க்காமல் வைத்தால் சாரம் என்பார்கள். கொஞ்சநாள் கழித்து ‘இவ்வளவுதானா’ என்பார்கள்.

பூரோ பெயர்ச்சொல்லாகவும் திரிகிறது. கடையில் ‘பூரோ’ கேட்டால் சுருட்டுத் தருவார்கள். காகிதம் சுற்றாமல் புகையிலை இலையாலேயே சுருட்டியது என்பதால் அந்தப் பெயர். இங்கேயும் கலப்பின்மைதான். வாயிலிருந்து வருகிற புகையை எவரும் சுத்தம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். ‘தெ பூரோ’ என்று ஆரம்பித்து ஒரு பெயரடையைத் தொடர்ந்தால் காரணம் சொல்வதாகும்: தெ பூரோ கான்ஸாதோ, களைப்பென்றால் அப்படியொரு களைப்பினால். கோஸ்டா ரிக்காவில் ‘பூரா விதா’, வெறும் வாழ்க்கை அல்லது வாழ்க்கையேதான், வணக்கத்துக்கும் நன்றிக்கும் நலம் விசாரிப்புக்கும் ஒன்றாகப் பயன்படுகிறது. சிலி நாட்டார் இதை இன்னும் தளர்த்தி வினைக்கு முன்னாலும் வைத்துவிடுகிறார்கள்: தூங்கினால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்பதற்கு ‘கியெரோ பூரோ தோர்மிர்’. அதே சிலியின் தேசிய கீதத்தில் இன்று பாடப்படும் சரணம் பூரோ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது, அங்கே மட்டும் அது வானத்தைப் பற்றி முழு மரியாதையோடு பேசுகிறது. நெரூதா வளர்ந்த காது இது. வானத்துக்கும் தூக்கத்துக்கும் ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்த காது.

அழுக்கில்லை என்பதற்கு ஸ்பானிய மொழியில் வேறொரு சொல் உண்டு, லிம்பியோ. தரை, சட்டை, கை எல்லாம் லிம்பியோ. இது நிலைமை, காலையில் லிம்பியோ, மாலையில் இல்லை, துவைத்தால் மறுபடியும் லிம்பியோ. அதனால் தற்காலிக நிலையைச் சொல்லும் ‘எஸ்தார்’ வினையோடு சகஜமாக நிற்கும். பூரோவுக்குப் பெரும்பாலும் இயல்பைச் சொல்லும் ‘ஸேர்’ வினைதான். பாலில் தண்ணீர் விட்டபின் துவைத்துப் பழைய பாலாக்க முடியாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்பெயின் சரித்திரத்தின் ஒரு சொற்றொடர் வயிற்றைப் புரட்டுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில், 1449இல் தொலேதோவில் முதலில் தலைகாட்டி, பின் சபைகளுக்கும் மடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பரவிய விதிகளுக்கு ‘லிம்பியேஸா தெ ஸாங்ரே’ என்று பெயர் நின்றுவிட்டது, ரத்தச் சுத்தம். யூதரோ முஸ்லிமோ முன்னோராக இருந்தவர்களைப் பதவிகளிலிருந்து ஒதுக்கிய ஏற்பாடு. அவர்கள் சொல்ல வந்தது கலப்பின்மை. சொன்னது அழுக்கின்மை. கலப்பை அழுக்காக மாற்றிக் காட்டுகிற இந்தச் சொல்மாற்றம் எவ்வளவு வசதியானது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி கவிதைக்கு வரலாம். 1925 அக்டோபரில் பாரிஸில் அபே ப்ரெமோன் என்ற பாதிரியார் தூய கவிதை பற்றிப் பேசிய பேச்சு ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பிற்று. கவிதையில் அர்த்தத்தையும் விஷயத்தையும் தாண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது, அது பிரார்த்தனைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர் பக்கம். அடுத்த வருஷமே ஹோர்ஹே கியென் தன் நண்பர் ஃபெர்னாந்தோ வேலாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1932இல் ஹெரார்தோ தியேகோவின் தொகைநூலில் அது அவருடைய கவிதைக் கொள்கையாகவே இடம்பெற்றது. கியென் ப்ரெமோனின் மூடுபனியை ஏற்கவில்லை. எழுதி முடித்த கவிதையில் இருப்பதுதான் கவிதை, அதற்கு வெளியே கவிதை நிலை என்று ஒன்றில்லை என்றார். பூரா என்பதற்கு அவர் தந்த விளக்கம் ரசாயனசாலையிலிருந்து எடுத்தது: கவிதையல்லாததை நீக்கியபின் எஞ்சும் எளிய பொருள். ஆக, 1926இலேயே பூரோவின் கரு கலப்பின்மைதான் என்பதை ஒரு கவி துல்லியமாகக் கண்டிருக்கிறார். இதில் எனக்கு அதிகம் பிடித்தது வேறு. விளக்கத்தைச் சொல்லிவிட்டு அதே கடிதத்தில் அவர் பின்வாங்குகிறார். தனக்கு வேண்டியது ஓரளவு தூய்மை மட்டும், மிஞ்சிப் போகக் கூடாது என்று இசைக்காரர்களின் இத்தாலியனைக் கடன் வாங்கிச் சொல்கிறார். கவிதையோடு மற்ற மானிடச் சமாசாரங்களும் சேர்ந்த கூட்டுப் பொருளே தன் நாட்டம் என்கிறார். ஸ்பானியத் தூய கவிதையின் தலைமைப் பூசாரி என்று பெயர் வாங்கியவர் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று நம் இரு தரப்பில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா?

ஹுவான் ரமோன் ஹிமெனெஸ் அப்படியெல்லாம் பின்வாங்குகிறவர் அல்ல. 1918இல் வந்த எதெர்னிதாதெஸ் தொகுப்பிலேயே அவர் கவிதையை ஒரு பெண்ணாக உருவகித்து, அவள் எளிமையாக வந்து, பின் ஆடை ஆபரணங்களால் மூடப்பட்டு, மறுபடி எல்லாவற்றையும் களைந்து நின்ற கதையைச் சொல்லியிருந்தார். அவருக்குத் தூய்மை என்பது களைதல். எதைக் களைவது என்பதில் அவர் காட்டிய கறார் சாமானியமானதல்ல. தன் பழைய கவிதைகளையே திருத்தித் திருத்தி ஆயுளைக் கழித்தவர்.

ஆனால் இதே பூரோ இலக்கியத்தின் முன்னால் வந்து நின்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ‘போயெஸீயா பூரா’ தூய கவிதை. ‘பூரா லித்தெராத்தூரா’ வெறும் இலக்கியம், வாய்ப்பந்தல், சரக்கில்லாத பேச்சு. தெருவில் நடக்கிற ஸ்பானியனுக்கு இது வசவு. கவிகள் கொடியில் எழுதிய பெயரடையை மக்கள் அதே காலத்தில் இடம் மாற்றிப் போட்டு ஏசிக்கொண்டிருந்தார்கள். நம்மிடமோ ‘சுத்த இலக்கியம்’ என்ற ஒரே உருவம்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிலர் இதைத் தங்கள் மார்பில் குத்திக்கொண்டார்கள், வேறு சிலர் இதே சொல்லைக் கல்லாக எறிந்தார்கள். ‘ஆன’ இல்லாத சுத்தம் என்பதால் தமிழின் இயல்புப்படி அது வசவாகத்தான் ஒலித்திருக்க வேண்டும். குத்திக்கொண்டவர்களின் காது எங்கே போயிருந்தது என்று யோசிக்கிறேன். அவர்கள் ‘சுத்தமான இலக்கியம்’ என்றிருந்தால் சண்டை பாதியாகக் குறைந்திருக்குமோ என்னவோ.

1935 அக்டோபரில் மாட்ரிடில் ‘கபாய்யோ வெர்தே பாரா லா போயெஸீயா’ முதல் இதழ் வந்தது. கவிதைக்கான பச்சைக் குதிரை. (தமிழில் அப்படியே பெயர்த்தால் குனிந்தவன் முதுகைத் தாண்டுகிற விளையாட்டாகிவிடுகிறது. கவிச் சண்டைக்குப் பொருந்தாத பெயர் என்று சொல்ல முடியாது. ஸ்பானிய மொழியிலும் பச்சை என்றால் ஆபாசம் என்றொரு அர்த்தம் உண்டு, பச்சை ஜோக் என்றே சொல்வார்கள். நம்மவர் பச்சையாகப் பேசுவதுபோல.) மானுவெல் அல்தோலாகீரேயும் கோன்ச்சா மெந்தெஸும் தங்கள் அச்சகத்தில் அச்சிட்டார்கள், நெரூதா ஆசிரியர். 1936 ஜனவரி வரை நான்கு இதழ்கள். தயாராகிக்கொண்டிருந்த அடுத்த இதழை ஜூலையில் மூண்ட உள்நாட்டுப் போர் விழுங்கிவிட்டது. முதல் இதழின் முகப்புரைதான் நான் பெயர்த்த அந்தச் சிறு உரைநடை.

அதில் ஹிமெனெஸ் பெயர் இல்லை. ஓய்வாக இருக்கும் பொருள்களைப் பார் என்றுதான் அது ஆரம்பிக்கிறது. நெடுந்தூரம் ஓடிப் புழுதி படிந்த சக்கரங்கள், கரி மூட்டைகள், பீப்பாய்கள், கூடைகள், தச்சனின் கருவிகளின் கைப்பிடிகள். மனிதக் கை பட்டுத் தேய்ந்த பரப்புகள். பிறகு கவிதைக்கு வருகிறது: வியர்வையும் புகையும் ஏறியது, லில்லி மலரின் மணத்தோடு மூத்திர நாற்றமும் கொண்டது, சட்டத்துக்கு உட்பட்டதும் படாததுமான எல்லாத் தொழில்களின் கறையும் தெறித்தது. துக்கம், பழைய மிகையுணர்ச்சி, நிலா எதையும் விலக்காதே என்கிறது. நயக்குறைவுக்கு அஞ்சி ஓடுகிறவனுக்கு ஓர் எச்சரிக்கையோடு முடிகிறது.

இங்கே நான் கட்டிவந்த வாதத்துக்கே ஒரு இடைஞ்சல் வருகிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. பூரோவின் கரு கலப்பின்மை என்றேன். ஆகவே ‘ஸின் புரேஸா’ என்பது கலப்புள்ளது என்று மட்டுமே பொருள்படும், அழுக்கை இழுத்து வந்தது ஆங்கிலம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் உரையின் நடுவே நெரூதா ‘இம்பூரா’ என்ற பெயரடையையே பயன்படுத்துகிறார். அதுவும் உடுத்திய உடையோடும் உடம்போடும் ஒப்பிட்டு, சாப்பாட்டுக் கறைகளோடு. கறை என்பது லிம்பியோவின் எதிரி, பூரோவின் எதிரி அல்ல. அப்படியானால் அவர் இரண்டு சொற்களின் எல்லையையும் வேண்டுமென்றே அழிக்கிறார். தொலேதோவின் விதிகள் கலப்பை அழுக்கு என்று சொல்லி ஒதுக்கின. நெரூதா அதே சமன்பாட்டைத் தலைகீழாகப் பிடித்து, சரி, அழுக்கென்றே இருக்கட்டும், கலப்பு உள்ளே வரட்டும் என்கிறார். அந்த அக்டோபருக்கு முந்தைய மாதம்தான் ஜெர்மனியில் நியூரம்பர்க் சட்டங்கள் இயற்றப்பட்டன. இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்கவில்லை. நெரூதா அதை நினைத்து எழுதினார் என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஆனால் தூய்மை என்ற சொல் அந்த இலையுதிர்காலத்து ஐரோப்பாவில் வெறும் கவிதைச் சொல்லாக இருந்திருக்க முடியாது.

சொல்லுக்காக நட்பு முறிகிற அளவுக்குச் சண்டை நடந்தது. ஓரிஹுவேலாவில் ஆடு மேய்த்து வளர்ந்த மிகேல் எர்னாந்தெஸ் 1933இல் கோங்கொராவின் வழியில் இறுகச் செதுக்கிய தொகுப்போடு வந்தவர். இரண்டே வருஷத்தில் பச்சைக் குதிரையின் பக்கம் போய்விட்டார். கத்தோலிக்கப் பற்று மிகுந்த அவருடைய இளமைத் தோழர் ரமோன் ஸிஹே அந்தப் பத்திரிகையையும் அதன் போக்கையும் கண்டித்துக் கடிதம் எழுதினார். அந்த டிசம்பரிலேயே ஸிஹே இறந்தும் போனார். எர்னாந்தெஸ் அவருக்காக எழுதிய இரங்கற்பாதான் அவருடைய மிகச் சிறந்த கவிதைகளில் ஒன்று. தூயதா கலந்ததா என்று அதில் யாரும் கேட்பதில்லை. ஹிமெனெஸோ 1942இல் ப்யூனோஸ் ஐரிஸில் வெளிவந்த தன் நூலில் நெரூதாவை ஒரு பெரிய மோசமான கவி என்று வர்ணித்தார். அங்கும் பெயரடைகளின் இடத்தைப் பாருங்கள். ‘கிரான்’, ‘மால்’ இரண்டும் கவிக்கு முன்னால், வால் வெட்டிய வடிவில். பின்னால் ‘கிராந்தே’ என்று வந்தால் உருவத்தில் பெரியவர் என்றாகிவிடும். முன்னால் வந்தால் மகத்தானவர். எதிரியை ஏசும்போதும் ஹிமெனெஸ் இலக்கணத்தில் கை நழுவவிடவில்லை. மகத்துவத்தை மறுக்கவும் இல்லை.

இப்போது தமிழில் என்ன செய்வது? ‘அசுத்தக் கவிதை’ ஆகாது. சுத்தம், அசுத்தம் என்றதும் நம் மண்ணில் முதலில் வருவது துடைப்பம் அல்ல, தீட்டு. யார் எங்கே நிற்கலாம், யார் கிணற்றைத் தொடலாம் என்பது. இந்தச் சுமை ஸ்பானியச் சொல்லுக்கும் உண்டு என்பதைப் பார்த்தோம், அதனால் அதை முழுக்கத் தவிர்ப்பதும் சரியில்லை. ஆனால் ‘அசுத்த’ என்று பெயரடையாக்கிக் கவிதையின் நெற்றியில் ஒட்டும்போது தீட்டுச் சொல்கிறவனின் குரலே கேட்கிறது, அதை எதிர்க்கிறவனின் குரல் கேட்பதில்லை. ‘கலப்படக் கவிதை’ என்றால் மிளகாய்த்தூளில் செங்கல் பொடி. ‘கலப்புக் கவிதை’ என்று ஒரு நண்பர் சொன்னார். கலப்பு மணத்தின் வாடை அதில் இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கலப்பு என்பது இரண்டு தூய பொருள்கள் முன்பே இருந்ததாக ஒப்புக்கொண்டுவிடுகிறது. நெரூதாவின் கைப்பிடியில் மரமும் வியர்வையும் எப்போது தனித்தனியாக இருந்தன என்று சொல்ல முடியாது. ‘தனி’ என்பதையும் யோசித்தேன். 1916ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய இயக்கத்துக்குத் தனித்தமிழ் என்று பெயர் நிலைத்ததே, கலப்பின்மையைச் சொல்ல ‘தூய’வைவிட ‘தனி’ எவ்வளவு துல்லியம்! பூரோவுக்கு மிக நெருங்கிய தமிழ் அதுதான். ‘போயெஸீயா பூரா’வைத் தனிக்கவிதை என்று சொல்லலாம். ஆனால் அதன் எதிர்மறை நம் வாயில் உட்காரவில்லை.

கடைசியில் மூலத்திடமே திரும்பினேன். நெரூதா தலைப்பில் பெயரடையைத் தவிர்த்து, ‘இல்லாத’ என்று எழுதியிருக்கிறார். இம்பூரா என்று நான்கு எழுத்தில் முடிந்திருக்கக்கூடிய இடத்தில் இரண்டு சொல் செலவழித்திருக்கிறார். தூய்மை என்று ஒரு பொருள் இருக்கிறது, இந்தக் கவிதையிடம் அது இல்லை. சட்டைப்பையில் காசு இல்லாததுபோல. இகழ்ச்சியும் இல்லை, பெருமையும் இல்லை. ‘ஒரு’ கவிதை என்கிறார், கவிதையே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தலைப்பில் ஆணையிடவில்லை. உள்ளே போனபிறகு குரல் உயர்கிறது என்பது வேறு விஷயம்.

தூய கவி என்ற கியென் 1957இலிருந்து ‘க்ளாமோர்’ என்ற தொகுதிகளில் போரையும் சர்வாதிகாரியையும் சந்தைக் கூச்சலையும் எழுதினார். நெரூதா 1954இல் வெங்காயத்துக்கும் உடைகளுக்கும் எழுதிய எளிய பாட்டுகளில் ஹிமெனெஸ் கேட்டிருந்த களைதல் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. இருவரும் அந்தப் பெயரடையைச் சுற்றி இடம் மாறிக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையாகிவிடும். இருவரும் அதன் முன்னாலும் பின்னாலும் நின்று பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

என் பழைய மொழிபெயர்ப்பை எங்காவது வைத்திருப்பவர்கள் தலைப்பை அடித்துவிட்டு, ‘தூய்மை இல்லாத ஒரு கவிதையைப் பற்றி’ என்று எழுதிக்கொள்ளட்டும். உள்ளே மூன்றாம் பத்தி அளவில் வரும் ‘அசுத்த’ என்ற சொல்லுக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அழுக்குப் பிடித்த வேஷ்டியை ஒருவன் வெட்கமில்லாமல் கட்டிக்கொண்டு விருந்துக்கு வருகிறான் என்ற தொனியில் ஒரு பெயரடை வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.